டவருக்குப் போகும் கம்பியில்லாப் பாதை: மழையில் எவ்வளவு மிஞ்சும்?

கைப்பேசிக்கும் டவருக்கும் நடுவே இருப்பது ரேடியோ அலை என்பது எல்லோருக்கும் தெரியும். டவருக்கு அப்பால் டேட்டா எப்படிப் போகிறது என்று கேட்டால், கேபிளில்தான் என்ற பதில் வரும். பெருநகரங்களில் அது ஓரளவு சரி. ஆனால் 2019 டிசம்பரில் மத்திய அரசு தேசிய பிராட்பேண்ட் இயக்கத்தைத் தொடங்கியபோது, நாட்டின் டவர்களில் சுமார் 30 விழுக்காட்டுக்குத்தான் ஃபைபர் போயிருந்தது. அதை 70 விழுக்காடாக்குவது இலக்கு. மிச்ச டவர்களில் பெரும்பாலானவை அடுத்த டவரோடு இன்னொரு ரேடியோ இணைப்பால் பேசிக்கொண்டிருந்தன. டவரின் பக்கவாட்டில் தெரியும் வட்டமான வெள்ளை டிஷ்கள் அதற்குத்தான். டவரைக் கம்பெனியின் மையக் கட்டமைப்போடு சேர்க்கும் இந்தப் பின்னிணைப்பைத் துறையில் பேக்ஹால் என்பார்கள்.

ஃபைபர் கிடைக்கும் இடத்தில் ஃபைபர்தான் முதல் தேர்வு, அதில் வாதமில்லை. ஆனால் சாலையைத் தோண்ட நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளாட்சியிடமும் அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். ரயில் பாதையையும் வனப்பகுதியையும் கடக்க வேண்டியிருந்தால் இன்னும் இழுக்கும். போட்ட பிறகும் குடிநீர்க் குழாய்க்குக் குழி எடுக்கும் ஜேசிபி ஒரே வீச்சில் அறுத்துவிடும். டிஷ்கள் பயன்படுத்தும் மைக்ரோவேவ் ரேடியோ இணைப்புக்கு அலைவரிசை ஒதுக்கீடும் டவர் அனுமதியும் கைக்கு வந்துவிட்டால், இரண்டு டிஷ்களை ஏற்றி நேர்ப்படுத்த ஓரிரு நாள் போதும். அதனால் ஃபைபர் போன டவரிலும் மாற்றுப் பாதையாக ஒரு ரேடியோ இணைப்பை வைத்திருப்பது நல்ல பழக்கம்.

எந்த ரேடியோவை, எந்த அலைவரிசையில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. விற்பனைத் தாளில் 10 ஜிபிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது வானம் தெளிவாக இருக்கும்போது கிடைப்பது. ஐப்பசி மாத இரவில், மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்துத்தான் நம் பகுதியில் இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அலைவரிசையும் மழையும்

இந்தியாவில் மைக்ரோவேவ் பேக்ஹாலுக்கு வழக்கமாகப் பயன்படுபவை இரண்டு வகை. 6, 7 கிகாஹெர்ட்ஸ் நீண்ட தூர முதுகெலும்புப் பாதைகளுக்கு. 13, 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் டவருக்கு டவர் இணைக்க. இவற்றில் போக ஒன்று, வர ஒன்று என 28 மெகாஹெர்ட்ஸ் அகல ஜோடிகளாக ஒதுக்குகிறார்கள். 5ஜிக்கு இது பத்தாது என்று தெரிந்ததால், 2022 ஜூனில் 5ஜி அலைவரிசை ஏலத்துக்கு ஒப்புதல் தந்தபோதே 13 முதல் 21 கிகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பட்டைகளில் ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கவும், ஈ-பேண்ட் எனப்படும் 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் தலா 250 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2 கேரியர்களை, அதாவது சேனல்களை, தற்காலிகமாக வழங்கவும் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

அதிர்வெண் ஏற ஏற அகலமான சேனல் கிடைக்கும், கொள்ளளவும் கூடும். அதற்கு விலையாக மழை பிடுங்கிக்கொள்வதும் கூடும். மணிக்கு 100 மி.மீ. மழையில் 7 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு கி.மீ.க்கு ஒன்றரை டிபி (டெசிபெல்) அளவுக்குத்தான் இழக்கும். 15 கிகாஹெர்ட்ஸில் 6 முதல் 8 டிபி. 18-இல் 8 முதல் 10. ஈ-பேண்டில் 30 டிபி. 3 டிபி குறைந்தால் சக்தி பாதி, 10 டிபி என்றால் பத்தில் ஒன்று, 30 டிபி என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஈ-பேண்ட் அலை கனமழையில் ஒரே ஒரு கி.மீ. கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச்சேரும். தூரத்தால் வழக்கமாக ஏற்படும் இழப்புக்கு மேல் இது.

15 கிகாஹெர்ட்ஸில் 10 கி.மீ. இணைப்பு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெட்டவெளி இழப்புக்கான (தூரத்தால் மட்டும் ஏற்படும் இழப்புக்கான) சூத்திரம்: 92.45-உடன், கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் மடக்கையை 20-ஆல் பெருக்கியும், கி.மீ.யில் உள்ள தூரத்தின் மடக்கையை 20-ஆல் பெருக்கியும் கூட்ட வேண்டும். இங்கே 136 டிபி வருகிறது. 60 செ.மீ. டிஷ் ஒவ்வொன்றும் சுமார் 37 டிபி ஆதாயம் தரும். ரேடியோ 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டிபி அளவு) சக்தியில் அனுப்பினால், மறுமுனையில் கிடைப்பது 20 + 37 + 37 – 136, அதாவது –42 டிபிஎம். 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 256 க்வாம் பண்பேற்றம் (அலையில் டேட்டாவை ஏற்றும் முறை; எண் கூடினால் டேட்டாவும் கூடும், சிக்னலும் வலுவாக வேண்டும்) ஓட ஏறத்தாழ –67 டிபிஎம் வேண்டும், எளிய க்யூபிஎஸ்கே ஓட –87 போதும். ஆக 256 க்வாமுக்கு 25 டிபி, க்யூபிஎஸ்கேவுக்கு 45 டிபி கையிருப்பு.

இப்போது மழையைப் பெய்யவிடுவோம். 10 கி.மீ. நெடுகிலும் ஒரே வேகத்தில் பெய்யாது, கனமழையின் மையம் சில கி.மீ. அகலம்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பழைய, எளிய சூத்திரப்படி இந்த இணைப்பில் கணக்கில் கொள்ள வேண்டிய தூரம் 4.4 கி.மீ. செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அலை மேல்கீழாக அதிரும்படி, அனுப்பினால் இழப்பு 27 டிபி. கிடைமட்டத்தில் அனுப்பினால் 35 டிபி. விழும் மழைத்துளி உருண்டையாக இல்லாமல் மேல்கீழாக நசுங்கிப் பக்கவாட்டில் அகன்று இருப்பதால்தான் இந்த வேறுபாடு. செங்குத்தில் –69 டிபிஎம் மிஞ்சும். பண்பேற்றம் 128 க்வாமுக்கு ஒரு படி இறங்கி, தெளிந்த வானத்தில் கிடைத்த 180 எம்பிபிஎஸ் 160 ஆகும். கிடைமட்டத்தில் –77 மிஞ்சும். 16 க்வாமுக்கு இறங்கி 90 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். டிஷ்ஷின் பின்பக்கம் ரேடியோவைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பொருத்துவதில் பாதிக் கொள்ளளவு போய்விடுகிறது. இரண்டு முனைவாக்கத்தையும் ஒரே சேனலில் ஓட்டிக் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் எக்ஸ்பிக் முறை வேண்டுமென்றால் கிடைமட்டத்தைத் தவிர்க்க வழியில்லை. ஒன்றே போதும் என்கிற இடத்தில் செங்குத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வேகத்தில் மழை ஆண்டில் 0.01 விழுக்காடு நேரம் பெய்யும் என்று வைத்துக்கொண்டால், அது 53 நிமிடம். காகிதத்தில் 99.99 விழுக்காடு என்று அழகாக இருக்கும். அந்த 53 நிமிடங்கள் ஆண்டு முழுக்கப் பரவி வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் சில இரவுகளில் மொத்தமாக வரும். வெள்ளம் சூழ்ந்த தெருவில் இருப்பவர் 108-ஐ அழைப்பதும் அதே நேரத்தில்தான். அதனால்தான் ஆண்டுச் சராசரியைப் பார்த்து இணைப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது, மழையில் மிஞ்சுவதைப் பார்த்து ஏற்க வேண்டும்.

5ஜி டவருக்கு எவ்வளவு வேண்டும்

மூன்று திசைகளுக்கு மூன்று செக்டர் உள்ள 5ஜி டவருக்கு மூன்றின் உச்சவேகத்தையும் கூட்டிப் பேக்ஹால் போடுவது வீண். ஒரு செக்டர் உச்சத்தைத் தொடுவது, ஆளில்லாத நேரத்தில் ஒரே ஒருவர் டவருக்குப் பக்கத்தில் நின்று இறக்கும்போதுதான். நெரிசல் நேரத்தில் ஓரத்தில் இருப்பவர்களும் சேர்வதால் சராசரி வெகுவாகக் குறையும். எனவே ஒரு செக்டரின் உச்சத்தையும், எல்லா செக்டர்களின் நெரிசல் நேரச் சராசரியின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, எது பெரிதோ அதை எடுப்பார்கள். 3.5 கிகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கும் செக்டரின் உச்சம் ஒன்றரை ஜிபிபிஎஸ், சராசரி 400 எம்பிபிஎஸ் என்று கொண்டால், 1500-ஐயும் 1200-ஐயும் ஒப்பிட்டு 1500-ஐ எடுக்க வேண்டும். அதே டவரின் 4ஜிக்கு 250, டேட்டாவைப் பொதிந்து அனுப்பும் டனல், குறியாக்கம் இரண்டின் கூடுதல் சுமைக்கு 15 விழுக்காடு. சுமார் 2 ஜிபிபிஎஸ் வந்துவிடும்.

15 கிகாஹெர்ட்ஸில் 56 மெகாஹெர்ட்ஸும் எக்ஸ்பிக்கும் சேர்த்துப் போட்டாலும் 800 எம்பிபிஎஸைத் தாண்டுவது கடினம். ஈ-பேண்டில் 500 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் 256 க்வாமில் 3 ஜிபிபிஎஸ் வரும். ஆனால் தூரம்? 2 கி.மீ.க்கு வெட்டவெளி இழப்பும் காற்றின் உறிஞ்சலும் சேர்த்து 137 டிபி. மழைக்கு, முன்சொன்ன சூத்திரப்படி, 48 டிபி ஒதுக்க வேண்டும். 15 டிபிஎம் சக்தியும் 30 செ.மீ. டிஷ்ஷும் வைத்தால் க்யூபிஎஸ்கே வரை இறங்கினாலும் கையிருப்பு 40 டிபிதான், இணைப்பு அறுந்துவிடும். 60 செ.மீ. டிஷ் போட்டால் 53 டிபி ஆகித் தாங்கும். விற்பவர் வறண்ட நாட்டுக் கணக்கைக் காட்டி 5 கி.மீ. போகும் என்பார். நம் கடலோரத்தில் ஒன்றரை, இரண்டு கி.மீ.க்கு மேல் தனி ஈ-பேண்டை நம்பக் கூடாது.

அதைத் தாண்டிய தூரத்துக்கு நல்ல தீர்வு இரட்டைப் பட்டை. ஒரே டிஷ்ஷில் ஈ-பேண்டும் 15 அல்லது 18 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்து ஓடும். வானம் தெளிந்திருக்கும்போது ஜிபிபிஎஸ் கணக்கில் போகும். மழை வந்தால் ஈ-பேண்ட் விழுந்து, கீழ்ப்பட்டை மட்டும் 200, 300 எம்பிபிஎஸில் நிற்கும். இதில் முன்னுரிமை வரிசையைச் சரியாக அமைக்காமல் விட்டால் பலனே இல்லை. டவர்களின் கடிகாரத்தை ஒத்துவைக்கும் நேரச் செய்தி, அழைப்பை இணைக்கும் சிக்னலிங், குரல் ஆகியவை மேல் வரிசையில் இருக்க வேண்டும். காணொளியும் பதிவிறக்கமும் கீழே. வரிசை பிரிக்காத இணைப்பில் கொள்ளளவு சுருங்கும்போது எல்லா டேட்டாப் பொட்டலங்களும் சமமாக விழும், அழைப்பும் துண்டிக்கும். டவர் ஓடிக்கொண்டிருக்கிறது, சிக்னல் முழுக்கோடு காட்டுகிறது, பேச முடியவில்லை என்று மழைநாளில் வரும் புகார்களில் பல இந்த ஒரு அமைப்பு விடுபட்டதால் வருபவை.

60 செ.மீ. ஈ-பேண்ட் டிஷ்ஷின் கற்றை அகலம் அரைப் பாகைக்கும் குறைவு. 15 கிகாஹெர்ட்ஸில் அதே டிஷ்ஷுக்கு இரண்டு பாகைக்கு மேல். காற்றில் ஆடும் மெல்லிய கம்பத்தில் ஈ-பேண்டை வைத்தால் மழையே இல்லாத ஆடிக் காற்றிலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். முறுக்கம் தாங்கும் தடித்த கால், டிஷ்ஷைப் பக்கவாட்டில் இறுக்கும் துணைக்கம்பி இரண்டும் வேண்டும்.

நேர்க்கோட்டில் நிற்கும் மரம்

கண்ணுக்கு எதிர் டவர் தெரிந்தால் மட்டும் போதாது. அலை, நடுவில் பருத்த ஒரு வெளி வழியாகப் போகிறது. அந்த ஃப்ரெனல் வளையத்தில் 60 விழுக்காடாவது காலியாக இருக்க வேண்டும். 15 கிகாஹெர்ட்ஸ், 10 கி.மீ. என்றால் நடுவில் 4.2 மீட்டர், பூமியின் வளைவுக்கு ஒன்றரை மீட்டர். இது சமாளிக்கக்கூடியது. 7 கிகாஹெர்ட்ஸில் 40 கி.மீ. போக நினைத்தால் வளையத்துக்கு 12.4 மீட்டர், பூமி வளைவுக்கு 23.5 மீட்டர், மொத்தம் 36. நடுவில் 20 மீட்டர் தென்னை நின்றால் 56 மீட்டர் வேண்டும். இரண்டு பக்கமும் 40 மீட்டர் டவர் இருக்கிறது, சமவெளிதானே என்று டிஷ் வாங்கிவிட்டால் பணம் போனதுதான்.

கடலூர், விழுப்புரம் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் அதிகம். நட்ட சில ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். ஆய்வுக்குப் போன அன்று வெட்டிய நிலமாக இருந்தது மூன்றாம் ஆண்டில் பாதையை மறைக்கும். அறிகுறி தெளிவானது. சிக்னல் ஒரேயடியாக விழாது, மாதங்களில் மெல்லக் கரையும், காற்றடிக்கும் பிற்பகலில் ஏறி இறங்கும். ரேடியோவை மாற்றினாலும் சரியாகாது. ஆய்வு அறிக்கையில் தோப்பு, தோட்டம் எல்லாவற்றையும் முழு வளர்ச்சி உயரத்தோடு எழுத வேண்டும்.

கடலோரத்தில் நீளமான பாதைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்று அசையாத இரவுகளில், ஈரமும் வெப்பமும் அடுக்கடுக்காகப் பிரிந்து அலையை வளைக்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும். மழைக்குத் தப்பிய 7 கிகாஹெர்ட்ஸ் இதற்கு மாட்டிக்கொள்ளும். ஒரே டவரில் மேலும் கீழுமாகச் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு டிஷ் வைத்து, எது நன்றாக இருக்கிறதோ அதை எடுப்பதுதான் மருந்து. இரண்டும் ஒரே நேரத்தில் அழிவது அரிது.

வேறு வழிகள்

60 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குப் பல நாடுகளில் உரிமம் தேவையில்லை. ஆக்சிஜனே கி.மீ.க்கு 15 டிபி உறிஞ்சிவிடுவதால் சில நூறு மீட்டர்தான் போகும். தெருவிளக்குக் கம்பத்தில் வைக்கும் சிறு செல்களுக்கு அது போதும், பக்கத்துத் தெரு இணைப்போடு மோதாது என்பது கூடுதல் நன்மை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டையில் ஓடும் ரேடியோக்கள் விலை மலிவு. நகரத்தில் குறுக்கீடு அதிகம் என்பதால் அவசரத்துக்கு மட்டுமே. 5ஜி அலைவரிசையையே பேக்ஹாலுக்கும் பகிரும் ஐஏபி முறை, கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 16-ஆம் வெளியீட்டில் வந்தது. வாடிக்கையாளருக்கான அலையைத் தின்று ஓடுவதால் அதை நிரந்தரத் தீர்வாகப் பார்க்க முடியவில்லை.

எதுவுமே எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள். சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கும்வரை அந்தமானும், கொச்சியிலிருந்து கேபிள் வந்த 2024 ஜனவரிவரை லட்சத்தீவுகளும் அதைத்தான் நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால் போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும். இணையத்தில் டேட்டாவைச் சரிபார்த்து அனுப்பும் டிசிபி முறையில், பதில் வரும்வரை 64 கிலோபைட்டை மட்டுமே (இதுவே சாளரம்) அனுப்பும் ஓர் இணைப்பு 0.6 நொடித் தாமதத்தில் 0.9 எம்பிபிஎஸைக்கூட எட்டாது. செயற்கைக்கோள் கொள்ளளவு எவ்வளவு இருந்தாலும் இதே கதைதான். இதற்காக மோடத்தில் வேகமூட்டும் வசதி உண்டு. டவரிலிருந்து கிளம்பும் டேட்டா ஐபிசெக் என்ற குறியாக்கத்துக்குள் போய்விட்டால் மோடத்தால் உள்ளே பார்க்க முடியாது, வசதி வாங்கியும் பயன்படாது. குறியாக்கம் வேகமூட்டலுக்குப் பிறகு நடக்கும்படி வரிசையை அமைக்க வேண்டும். 550 கி.மீ. அல்லது 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் தாமதம் மில்லிநொடிகளின் பத்துக்கணக்கில் அடங்கிவிடுகிறது. மழைத் தொல்லை அவற்றிலும் உண்டு.

எந்த வழியானாலும் நேர ஒத்திசைவை மறக்கக் கூடாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்புகிறது, வாங்குகிறது. ஒவ்வொரு டவரின் கடிகாரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால், பக்கத்து டவர் கைப்பேசிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இது உரக்கப் பேசும், சுற்றுவட்டாரம் முழுக்கப் பதிவேற்றம் கெடும். நேரத்தைப் பேக்ஹால் வழியே அனுப்பினால், பாதையிலுள்ள ஒவ்வொரு ரேடியோவும் பிடிபி எனும் நேரச் செய்தியை உள்ளுக்குள் திருத்தி அனுப்பும் வகையாக இருக்க வேண்டும். மழையில் பண்பேற்றம் மாறும்போது ரேடியோவின் தாமதமும் மாறும், திருத்தாத ரேடியோ அந்த மாற்றத்தை அப்படியே நேரப்பிழையாகக் கடத்திவிடும். சந்தேகம் இருந்தால் டவரிலேயே ஜிபிஎஸ் ஆன்டெனா வைப்பது மேல்.

மேலே ஏறிய பிறகு

நேர்ப்படுத்தும்போது முதலில் கணக்கிட்ட எண் கையில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் –42. ஒரு முனையை அசைக்கும்போது மறுமுனை அசையக் கூடாது. டிஷ்ஷை இடமிருந்து வலமாக முழுக்கச் சுழற்றினால் மூன்று மேடுகள் தெரியும். நடுவிலுள்ளதுதான் முதன்மைக் கற்றை, பக்கத்து இரண்டும் போலி. அப்புறம் மேல்கீழாக. பிறகு எதிர்முனை. இரண்டு மூன்று டிபிக்குள் கணக்கோடு ஒத்துவந்தால்தான் போல்ட்டை முறுக்க வேண்டும், முறுக்கிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். ஏனென்றால் முறுக்கும்போதே டிஷ் நகரும்.

ஒத்துவராவிட்டால் எவ்வளவு குறைகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். 20 டிபி போலக் குறைந்தால் ஏதோ ஒரு முனை போலிக் கற்றையில் நிற்கிறது. 25, 30 டிபி என்றால் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் கிடைமட்டம். சிக்னல் கணக்குப்படி சரியாக இருந்து பிழைகள் மட்டும் வந்தால் குறுக்கீடு. எதிர்முனை ரேடியோவை அணைத்துவிட்டு இங்கே என்ன வாங்குகிறது என்று பார்த்தால் வெளியிலிருந்து வருவது அப்படியே தெரியும். அதே டவரில் ஒரே பட்டையில் ஒரு டிஷ் மேல் அலைவரிசையிலும் இன்னொன்று கீழ் அலைவரிசையிலும் அனுப்புகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அடுத்தடுத்து டவர்களைச் சேர்த்துக்கொண்டே போகும்போது அடிக்கடி நேரும் திட்டப்பிழை அது.

மழை விட்டு இரண்டு நாளாகியும் சிக்னல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளிப்புற யூனிட்டுக்கும் அறைக்குள்ளிருக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஓடும் ஐஎஃப் கேபிளின் கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும். கனெக்டர்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். கேபிள் யூனிட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், நீர் அங்கே சொட்டிவிடும். டவரின் மேலே, அடியில், அறைக்குள் நுழையும் இடத்தில் என மூன்று இடத்திலும் மின்னலைத் தரைக்கு இறக்கும் எர்த் கிட் போட வேண்டும். நடுவிலுள்ளதைச் சிக்கனப்படுத்தினால் இடி விழும்போது அறைக்குள்ளிருக்கும் யூனிட்தான் போகும்.

மாற்று யூனிட் வாங்கி வைப்பவர்கள் 15 கிகாஹெர்ட்ஸ் என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. உள்ளிருக்கும் ஃபில்டர் ஒரு துணைப்பட்டைக்கு மட்டுமே வேலை செய்யும், மேல் அலைவரிசையில் அனுப்பும் முனைக்கும் கீழ் அலைவரிசையில் அனுப்பும் முனைக்கும் வேறு வேறு யூனிட். இரண்டையும் கிடங்கில் வைத்து, எந்த டவருக்கு எது என்று பெட்டிமேலேயே எழுதிவைத்தால்தான் புயலடித்த மறுநாள் ஆள் சரியான பெட்டியோடு ஏறுவார்.